வலிக்கிற பல்லை முதலில் பாருங்கள்

கேள்வி: அக்கா, எனக்கு வயது 41. பகாவ் பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (வீடமைப்புக் குடியிருப்பில்) இருக்கிறோம். இரண்டு வருடமாக இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிறது. பள்ளியில் படிக்கும்போது பல் மிஸ்ஸி (பள்ளிப் பல் தாதி) வைத்த ஐந்து வெள்ளி அடைப்புகள் இன்னும் வாயில் இருக்கின்றன. மூன்று வாரமாகக் கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்கிறது. டவுன் டாக்டர் இரண்டே நிமிடம் பார்த்துவிட்டு, "ரூட் கெனால் செய்யணும், இல்லாவிட்டால் பிடுங்கணும்" என்று அனுப்பிவிட்டார். கோலாலம்பூரில் ஒரு ஹோலிஸ்டிக் பல் நிலையத்தில் ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசினார்கள். ஐந்து அடைப்பையும் எடுக்க 6,800 ரிங்கிட். ரூட் கெனால் செய்த பல் உடம்புக்கே விஷம். ஃபுளோரைடு பற்பசையை நிறுத்திவிட்டு நல்லெண்ணெய், கரிப்பொடி போதும் என்கிறார்கள். மாமியாரும், "நான் வேப்பங்குச்சிதான், வெற்றிலை போட்டும் எல்லாப் பல்லும் இருக்கே" என்கிறார். மாறிவிடலாமா?

பதில்: அன்புத் தங்கைக்கு,

நான் பல் டாக்டர் அல்ல. பினாங்கில் பயிற்சி எடுத்து, நெகிரி செம்பிலான் தோட்டப் பள்ளிகளில் பல் மிஸ்ஸியாக 31 ஆண்டுகள் வேலை செய்தவள். உங்கள் வாயில் இருப்பது என் கையால் வைத்த அடைப்பாகக்கூட இருக்கலாம். அந்த உரிமையில் சொல்கிறேன்.

மற்றது எல்லாம் பிறகு, முதலில் அந்தக் கடைவாய்ப் பல். அது வலிப்பதை விட, திடீரென்று வலி நின்றுபோவதுதான் எனக்குப் பயம். குணமாகிவிட்டது என்று நினைத்துவிடுவோம். பல நேரம் உள்ளே நரம்பு செத்திருக்கும்; கிருமி சத்தமில்லாமல் வேர் நுனி வழியாகத் தாடைக்குள் இறங்கும். ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டும் அம்மா ஒருவர் கிராம்பைக் கடித்துக்கொண்டு, கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு தினமும் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்துக் காலை ஆள் கணக்கெடுப்புக்குப் போனார். வலி நின்றது. மூன்றாம் நாள் தாடைக்கு அடியில் கல் மாதிரி வீங்கி, எச்சில் விழுங்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பிழைத்தார். உங்களுக்கு இனிப்பு நீரும் இருக்கிறது. அந்த உடம்பில் சீழ் வேகமாகப் பரவும். காய்ச்சல், கழுத்து வீக்கம், வாய் திறக்க முடியாமை, இதில் ஒன்று வந்தாலும் கிளினிக் திறக்கும்வரை காத்திராமல் நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அதற்காகக் கிராம்பு பொய் என்று சொல்லவில்லை. அதிலிருக்கும் யூஜெனால்தான் வலியை அடக்குகிறது. அதே யூஜெனாலைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துத் தற்காலிக அடைப்பாக நாங்களே கிளினிக்கில் வைத்தோம்; அதனால்தான் பல் கிளினிக்குக்குள் நுழைந்ததும் கிராம்பு வாசம் அடிக்கிறது. ஆனால் அது வலியைத்தான் மறைக்கும், உள்ளே இருக்கும் கிருமியைத் தொடாது.

"ரூட் கெனால் விஷம்" என்ற பேச்சு புதிதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வெஸ்டன் பிரைஸ் என்ற பல் மருத்துவர் இதைப் பெரிதாகப் பரப்பினார். அதை நம்பி எத்தனையோ பேருக்கு நல்ல பற்களைப் பிடுங்கினார்கள். பிறகு வந்தவர்கள் கவனமாக ஆராய்ந்து பார்த்தபோது அவர் சொன்னது நிற்கவில்லை. செத்த நரம்பையும் கிருமியையும் வெளியே எடுத்து மூடுவதுதான் வேர் சிகிச்சை. செலவு கட்டுப்படியாகாவிட்டால் பிடுங்குவதும் சரியான வைத்தியமே, அதில் வெட்கமில்லை. அப்படியே விட்டுவைப்பதுதான் தவறு.

இப்போது வெள்ளி அடைப்பு. ஆமாம், அதில் ஏறக்குறைய பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. நான் பயிற்சிக்குப் போன காலத்தில் சின்ன உரலில் அரைத்து, துணியில் வைத்துப் பிழிவோம். மிச்சப் பாதரசம் மின்னிக்கொண்டு துளியாக உருளும். விரலால் அழுத்தினால் வெள்ளிக் கலவை கிறீச்சென்று சத்தம் போடும். இன்று நினைத்தால் வெறுங்கையால் தொட்டோமே என்று மனம் பதைக்கிறது. உலக நாடுகளும் இதைக் குறைத்துக்கொண்டே வருகின்றன: 2013-இல் மினாமாத்தா உடன்படிக்கை, 2025 தொடக்கத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. இதற்குப் பெரிய காரணம் பாதரசம் மண்ணிலும் நீரிலும் போய்ச் சேர்வது. ஆகவே புதிதாக வைப்பதென்றால் பல் நிறத்து அடைப்பையே கேளுங்கள். ஆனால் ஏற்கெனவே இறுகி, விரிசல் இல்லாமல், முப்பது வருடமாகக் கிடப்பதைத் தோண்டும்போதுதான் பாதரச ஆவி அதிகமாகக் கிளம்பும். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2020-இல், கர்ப்பிணிகள், சிறு பிள்ளைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் போன்றோருக்குப் புதிதாக இதை வைக்காமல் தவிர்க்கச் சொன்னது. நல்ல நிலையில் இருக்கும் பழைய அடைப்பைத் தேவையில்லாமல் எடுக்க வேண்டாம் என்றும் அதே அறிவிப்பில் சொன்னது. உடைந்தால், ஓரத்தில் சொத்தை வந்தால், அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள்; ரப்பர் விரிப்புப் போட்டு, பலமாக உறிஞ்சும் குழாய் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். 6,800 ரிங்கிட்டை எடுத்து வையுங்கள் தங்கச்சி. கடைவாய்ப் பல்லுக்கும் அதன் மேல் உறைக்கும் வேண்டியிருக்கும்.

உங்கள் கடிதத்தில் என் மனதைத் தொட்டது அந்த "ஒரு மணி நேரம்". உங்களை உட்கார வைத்து ஒருவர் கேட்டார். அது உங்களுக்குக் கிடைக்க வேண்டியதுதான். அந்த இரண்டு நிமிட டாக்டர் உங்களை அப்படி அனுப்பியிருக்கக் கூடாது. சரி, வேறு டாக்டரிடம் போங்கள். சுவரில் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் இந்த ஆண்டுச் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா பாருங்கள். எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள். கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். "ஹோலிஸ்டிக்" என்பது நம் நாட்டில் பல் மருத்துவச் சிறப்புத் துறையாகப் பதிவான ஒன்றல்ல. அந்தப் பெயரில் நடத்துபவரும் பதிவு பெற்ற டாக்டராக இருக்கலாம். ஆனால் அந்தப் பெயர் மட்டும் கூடுதல் படிப்புக்குச் சாட்சி ஆகாது.

உடம்பையும் வாயையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் சொல்வது மட்டும் நூற்றுக்கு நூறு உண்மை. இனிப்பு நீர் கட்டுக்குள் இல்லையென்றால் ஈறு கெடும். ஈறு கெட்டால் இனிப்பு நீரைக் கட்டுப்படுத்துவது இன்னும் சிரமம். துலக்கும்போது இரத்தம் வருகிறதா? வந்தால் பற்காரையைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள், பல் டாக்டரிடம் இனிப்பு நீரைப் பற்றிச் சொல்லுங்கள், அடுத்த இரத்தப் பரிசோதனை எண்ணையும் காட்டுங்கள். கட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கைப் பசியாறும்போது ஒரு தடவையோடு நிறுத்துங்கள்.

நல்லெண்ணெய் கொப்பளிப்பதில் தப்பில்லை, பற்பசைக்குப் பதிலாக மட்டும் வேண்டாம். கரிப்பொடி எனாமலைத் தேய்த்துவிடும், விட்டுவிடுங்கள். ஃபுளோரைடு பற்பசையை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகளையும், ஃபுளோரைடு சேர்த்த குழாய்த் தண்ணீர் குடித்த டவுன் பிள்ளைகளையும் ஒரே நாற்காலியில் பார்த்தவள் நான். வாயைத் திறந்தாலே வித்தியாசம் தெரியும்.

அப்புறம், உங்கள் மாமியார். பல் எல்லாம் இருப்பது சந்தோஷம். ஆனால் என் கவலை பல்லைப் பற்றியது அல்ல. பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியாக அறிவித்திருக்கிறது, புகையிலை சேர்க்காவிட்டாலும்கூட. நம் நாட்டில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடம், அதிலும் தோட்டத்தில் வெற்றிலை போடும் பெண்களிடம் அதிகம். பகல் வெளிச்சத்தில் அவரை வாயைத் திறக்கச் சொல்லுங்கள். கன்னத்தின் உட்புறமும் நாக்கின் ஓரமும் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண், முன்பு போல அகலத் திறக்க முடியாத வாய், காரம் பட்டதும் எரிச்சல், இதில் எது இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். அரசாங்கப் பல் கிளினிக்கில் இதைப் பார்ப்பார்கள், சொற்பக் கட்டணம்தான்.

அவர் தனியாகப் போகச் சொன்னால் போக மாட்டார், எனக்குத் தெரியும். உங்கள் பல்லுக்குத் துணைக்கு வரச் சொல்லி, இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள்.