பிள்ளைகளைக் குளத்துக்கும் வயலுக்கும் கூட்டிப்போய்ப் பாடம் நடத்தினால் போர்ஷன் கெடாதா?

"இயற்கையோடு சேர்ந்து படிப்பதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது, போர்ஷனை யார் முடிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும். அதுவும் தலைமையாசிரியர் வாரக் கடைசியில் பாடத்திட்ட நோட்டை வாங்கிப் பார்க்கும் தனியார் பள்ளி என்று நினைக்கிறேன். போர்ஷன் கெடாது என்பது என் அனுபவம்.

நான் நாங்குநேரிப் பக்கம் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். பள்ளிக்குப் பின்னால் தெருவைத் தாண்டினால் குளத்துக்கரை. அடுத்தடுத்து இரண்டு பீரியட் கிடைக்கிற மாதிரி மற்ற டீச்சரிடம் பேசி வைத்துக்கொண்டு, ஆறாம் வகுப்பைக் கரைக்குக் கூட்டிப்போவேன். ஒரு நோட்டு, ஒரு பென்சில், அவ்வளவுதான். பஸ் கிடையாது, கட்டணம் கிடையாது.

பிசானப் பருவத்து நெல் எழும்பி நின்ற சமயம் ஒருநாள், கரைப் பனைக்கடியில் தூக்கணாங்குருவிக் கூடு ஒன்று விழுந்து கிடந்தது. பாதியில் நின்ற கூடு. குழல் இல்லை, கவிழ்த்த தலைக்கவசம் மாதிரி மேல்பாதி மட்டும், குறுக்கே ஒரு பட்டை. ஒரு பையன் உடனே, "டீச்சர், இதுக்குள்ள மின்மினிப்பூச்சி ஒட்டியிருக்கும், ராத்திரி வெளிச்சத்துக்கு. எங்க ஆச்சி சொல்லிச்சு" என்றான். வகுப்பே ஆமாம் என்றது. நான் இல்லை என்று சொல்லவில்லை. சரி, பிரித்துப் பார்த்துவிடலாம் என்றேன்.

உள்பக்கம் களிமண் அப்பியிருந்தது. கட்டைவிரல் நகம் அகலத்துக்குத் திட்டுத்திட்டாக. பூச்சி இல்லை, சிறகு இல்லை, கால் இல்லை. "அப்போ மண்ணு எதுக்கு?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். காற்றில் கூடு அதிகம் ஆடாமல் இருக்க அந்தக் கனம் உதவும் என்று பறவை ஆய்வாளர்கள் கருதுகிறார்கள் என்று சொன்னேன். ஆண் பறவை பாதிக் கூட்டோடு நிறுத்திக்கொள்ளும், பெண் பறவை வந்து பார்த்துப் பிடித்தால்தான் மீதியைக் கட்டும், பிடிக்காவிட்டால் கூடு அப்படியே நின்றுவிடும் என்றதும் பிள்ளைகள் அண்ணாந்து எந்தக் கூடு முழுசு, எந்தக் கூடு பாதி என்று எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். கருதுகோள், சோதனை, முடிவு என்று நான் கரும்பலகையில் எழுதி விளக்க வேண்டிய பாடம் அங்கேயே முடிந்தது. ஆச்சி சொன்னதை மதிக்கவும் வேண்டும், சரிபார்க்கவும் வேண்டும் என்பது அந்தப் பையனுக்கு ஒரு வார்த்தை கடிந்து பேசாமலே புரிந்தது.

உணவுச் சங்கிலியும் அப்படித்தான். புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு என்று புத்தகத்தில் இருப்பதை எந்தப் பிள்ளையும் ஒப்பித்துவிடும். எங்கள் பிள்ளைகள் பரீட்சையில் பாசி, சின்ன மீன், நீர்க்காகம் என்று எழுதினார்கள். கண்ணால் பார்த்ததை எழுதியிருக்கிறார்கள், முழு மதிப்பெண் போட்டேன்.

"உங்களுக்குக் குளம் இருக்கிறது, எங்களுக்கு எங்கே?" என்று யாராவது வருவார்கள் என்று தெரியும். ஒரு வேப்பமரம் இருந்தாலே போதும். இலை உதிர்வது, துளிர்ப்பது, பூப்பது, பழுப்பது என்று ஒரே மரத்தை வருஷம் முழுக்கக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். பாதுகாப்பு என்ன ஆச்சு என்றும் கேட்பார்கள். கரையை விட்டுத் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது, புதருக்குள் கை விடக் கூடாது, கூட இன்னொரு பெரியவர் வர வேண்டும். பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1991லேயே உத்தரவிட்டது. பாடம் வந்தது, புத்தகமும் வந்தது. பிள்ளைகளை வாசலைத் தாண்டிக் கூட்டிப்போவதற்குத்தான் இன்னும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாண வீட்டில் சொந்தக்காரர் ஒருவர், "உனக்கென்னம்மா, பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுக் குளத்தைச் சுத்தினா சம்பளம்" என்றார். அரசுப் பள்ளி ஆசிரியர் என்றாலே சும்மா இருந்து சம்பளம் வாங்குபவர் என்ற நினைப்பு. ராத்திரி உட்கார்ந்து நோட்டுத் திருத்துவது, மாலையில் வீடு வீடாகப் போய் நின்றுபோன பிள்ளையைத் திரும்பக் கூப்பிடுவது எதுவும் அவர் கண்ணில் படாது. அவரே மே மாதம் ஆயிரக்கணக்கில் கட்டி மகனை இயற்கை முகாமுக்கு அனுப்புகிறார். காசு கொடுத்தால் கல்வி, நாங்கள் இலவசமாகச் செய்தால் ஊர் சுற்றலா? எனக்கு அது இன்றுவரை ஆறவில்லை.

எங்கள் பக்கத்துக் கூந்தன்குளத்தைப் பாருங்கள். 1994ல்தான் அது பறவைகள் சரணாலயமானது. அதற்கு முன்பிருந்தே ஊர்க்காரர்கள் வீட்டு மரத்தில் நாரை கூடு கட்டினால் விரட்ட மாட்டார்கள், பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்க மாட்டார்கள். இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து வந்து இறங்கும் குளம் அது. வாத்து வரும் வழியை வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினால் புவியியலும் சேர்ந்து நடக்கும்.

உங்கள் தலைமையாசிரியர் சம்மதிக்கவில்லை என்றால் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலிருந்து தொடங்குங்கள். ஒரே இடத்தில் குறைந்தது 15 நிமிடம் பார்த்து, கண்ட பறவைகளை எண்ணிக்கையோடு இபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிந்தால் போதும். பள்ளி விடுமுறையில் நடப்பதால் போர்ஷன் பேச்சே வராது.