பத்மா லட்சுமி என்னதான் செய்கிறார்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'டாப் செஃப்' என்ற அமெரிக்கச் சமையல் போட்டி நிகழ்ச்சியின் பழைய சீசன்களை வரிசையாகப் பார்த்துவருகிறேன். அதன் தொகுப்பாளராக இருந்த பத்மா லட்சுமியின் ரசிகையாகவே ஆகிவிட்டேன். என் கணவரோ, "நேரம் சொல்றதும் தோத்தவங்களை வீட்டுக்கு அனுப்புறதும் தவிர அந்தம்மாவுக்கு என்ன வேலை?" என்கிறார். என்ன பதில் சொல்வது?

– ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள வாசகிக்கு,

சென்னையில் பிறந்தவர் என்பதற்காக அவரைத் தூக்கிப்பிடிக்க வேண்டியதில்லை, வேலையைக் கொண்டே பேசலாம். முதல் சீசனின் தொகுப்பாளர் வேறொருவர். பத்மா 2006இல் இரண்டாவது சீசனில் வந்து, 2023இல் இருபதாவது வரை இருந்தார். "கத்திகளை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்" என்பது தோற்றவர்களை அனுப்பும்போது அவர் சொன்ன வாசகம். (அங்கே போட்டியாளர்கள் சொந்தக் கத்தியோடுதான் வருவார்கள்.)

உங்கள் கணவர் விட்டுவிட்டது, அவர் நடுவரும்கூட என்பதை. சீசனின் தொடக்கத்தில் ஒரே சுற்றில் பத்துப் பதினைந்து தட்டுகளை ருசிக்க வேண்டும். காரமும் கொழுப்பும் ஏற ஏற நாக்கு மரத்துப்போகும். ஏழாவது தட்டில் சரியான உப்பும் குறைவாகத் தோன்றும். அதனால் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு வாயும் சின்னதாக இருக்க வேண்டும். முதலில் மீனையோ கறியையோ தனியாக, பிறகு சாஸோடு சேர்த்து. சேர்த்து மட்டும் சாப்பிட்டால், உள்ளே உப்பு பிடிக்காத கறியை சாஸ் மறைத்துவிடும்.

நேர விஷயத்துக்கு, குழைவாகச் சமைக்கும் இத்தாலிய அரிசி உணவான ரிசோட்டோவைப் பாருங்கள். அந்தப் போட்டியில் பலரைக் கவிழ்த்த பண்டம். அரிசி வேக ஏறக்குறைய 18 நிமிடம். தட்டில் ஊற்றினால் தானாகப் பரவ வேண்டும். ஒரு தட்டு என்றால் சிக்கலில்லை. எட்டுத் தட்டு பரிமாறுவதற்குள் மாவுச்சத்து கெட்டியாகி, ஆறிய வெண்பொங்கல் மாதிரி இறுகிவிடும். அரிசி நடுவில் லேசாகக் கடிபடும்போதே இறக்கி, பரிமாறும் நொடியில் ஒரு கரண்டி கொதிக்கும் ஸ்டாக்கும் (எலும்போ காய்கறியோ வேகவைத்து வடித்த சாறு) வெண்ணெயும் அடித்துச் சேர்த்து, சூடான தட்டில் ஊற்றினால் தப்பிக்கலாம். தட்டு குளிர்ந்திருந்தால் இத்தனையும் வீண். பத்மா "நேரம் முடிந்தது" என்றதும் எல்லோரும் கையைத் தூக்கியாக வேண்டும்; அதற்குப் பிறகு ஒரு கரண்டி ஸ்டாக்கும் கிடையாது.

அடுத்த முறை ரிசோட்டோ வந்தால் அவர் வாயில் வைப்பதற்கு முன்பே தட்டைக் கவனியுங்கள். குவியலாக நின்றால், அந்தத் தட்டு தேறாது என்று கணவரிடம் தைரியமாகப் பந்தயம் கட்டலாம்.