நிலம் அடமானத்துக்கு இல்லை. அவளுடைய நோட்டைத் திறந்து பாருங்கள்

அம்மா, பாலக்கோட்டிலிருந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் செயற்கை நுண்ணறிவுப் படிப்பில் சேர்த்தே ஆக வேண்டும் என்று ஓசூரில் இருக்கும் உங்கள் தம்பி நிற்கிறார். தக்காளி விளையும் நிலத்தை அடமானம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கவலை புரிகிறது. ஆனால், வைக்காதீர்கள்.

படிப்பின் பெயருக்கு இருக்கும் மவுசு வட்டி கட்டாது. ஒரு பருவம் தக்காளி விலை சரிந்தால் தவணைக்கு யாரிடம் போய் நிற்பீர்கள்? தம்பியா கட்டுவார்? பொறியியல்தான் என்றால், ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும். இல்லையென்றால் தர்மபுரி அரசு கலைக் கல்லூரியில் கணினி அறிவியல். இரண்டில் எதுவானாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும்.

கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஒரே விண்ணப்பப் பக்கம் அப்பாவின் பழைய கைபேசியில் ஒரு மாதிரியும் மாமாவின் ஐபோனில் வேறு மாதிரியும் தெரிவதை, எந்த பிரௌசர், எந்தப் பதிப்பு என்று நோட்டில் குறித்து வைக்கிறாளாம். வீணாகப் பொழுதைக் கழிக்கிறாளாம். வீண் இல்லை அம்மா. வலைத்தளம் உருவாக்குகிறவர்கள் உலகெங்கும் தினமும் நம்பியிருப்பது இதே வேலையைத்தான்.

பயர்பாக்ஸ் பிரௌசரை உருவாக்கும் மொசில்லாவுக்கு எம்டிஎன் என்ற ஆவணத் தளம் இருக்கிறது. அதில் வலைப்பக்கம் அமைக்க உதவும் ஒவ்வொரு வசதியின் பக்கத்திலும் ஒரு அட்டவணை இருக்கும். அந்த வசதி குரோம், பயர்பாக்ஸ், சஃபாரி ஆகிய பிரௌசர்களில் எந்தப் பதிப்பிலிருந்து வேலை செய்கிறது, முழுமையாகவா பாதியா, பின்னால் நீக்கினார்களா என்று அது சொல்லும். அதற்கான தரவு முழுவதும் ஜேசன் என்ற எளிய உரை வடிவக் கோப்புகளாக, நிரல்களைப் பொதுவில் பகிரும் கிட்ஹப் தளத்தில் திறந்து கிடக்கிறது. யாரும் அனுமதி கேட்காமல் எடுத்துப் பயன்படுத்தலாம். எந்த வசதி எந்த பிரௌசரில் ஓடும் என்று காட்டும் 'கேன் ஐ யூஸ்' தளமும் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஓர் உதாரணம்: உள்ளே இருப்பதைப் பார்த்து வெளிப்பெட்டியின் தோற்றத்தை மாற்றும் 'ஹேஸ்' என்ற வசதி. பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் மொழியில் அது ஒரு பகுதி. சஃபாரி 15.4-இல் 2022 மார்ச்சிலேயே வந்துவிட்டது. குரோம் 105-இல் அதே ஆண்டு ஆகஸ்டில் வந்தது. பயர்பாக்ஸுக்கு 121-ஆம் பதிப்பில், 2023 டிசம்பரில்தான் வந்தது. இடையில் அதை நம்பிப் பக்கம் அமைத்தவர்கள் பயர்பாக்ஸ் வைத்திருந்தவர்களைத் தவிக்க விட்டிருப்பார்கள்.

இந்தத் தரவில் தவறு கண்டால் உங்கள் மகளும் திருத்தம் அனுப்பலாம். 'எனக்குத் தோன்றியது' என்றால் ஏற்க மாட்டார்கள். சிறு சோதனைப் பக்கம் எழுதி, எந்தப் பதிப்பில் ஓடியது, எதில் ஓடவில்லை என்று காட்ட வேண்டும். பராமரிப்பவர்கள் குறுக்குக் கேள்வி கேட்பார்கள், மாற்றி எழுதச் சொல்வார்கள். ஏற்றுக்கொண்டால் அந்தத் திருத்தம் அவளுடைய கிட்ஹப் கணக்கின் பெயரோடு பொதுவில் பதிவாகும். சம்பளம் கிடையாது, வேலைக்கு உத்தரவாதமும் நான் தர மாட்டேன். ஆனால் இணையப் பக்கம் அமைக்கும் வேலைக்கோ மென்பொருள் சோதனை வேலைக்கோ நேர்காணலுக்குப் போகும்போது, யாரும் திறந்து சரிபார்க்கக்கூடிய சான்று அவள் கையில் இருக்கும். செலவு ஒரு பழைய மடிக்கணினியும் இணைய இணைப்பும்தான். ஆங்கிலத்தில் நாலு வரி தெளிவாக எழுதப் பழக வேண்டும்.

கல்லூரி திறப்பதற்குள் அவள் அந்தக் கோப்புகளைப் படித்துப் பார்க்கட்டும். பிடிக்கவில்லை என்று சொன்னால் வற்புறுத்தாதீர்கள், வேறு வழி பேசுவோம். அப்போதும் நிலப் பத்திரத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள்.