அம்மாவுக்கு இல்லாத நோய் ஆவணத்தில் இருக்கிறது: காப்புறுதிப் பணம் கிடைக்குமா?

கேள்வி: ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு வயது 53, கொழுந்து எடுக்கிறார். நான் கொழும்பில் வேலை செய்கிறேன். 2023இல் அம்மா பெயரில் ஒரு சுகாதாரக் காப்புறுதி எடுத்தேன். போன வருடம் மலையில் வேலை செய்யும்போது கானுக்குள் விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. கண்டியில் ஒரு தனியார் வைத்தியசாலையில் ஒபரேஷன் செய்தோம். செலவு ரூபா 480,000. கிளெய்ம் போட்டபோது, "முடக்குவாதம் என்ற மூட்டுநோய் முன்பே இருந்திருக்கிறது, மறைத்துவிட்டீர்கள்" என்று காப்புறுதி நிறுவனம் நிராகரித்துவிட்டது. அந்த வைத்தியசாலையின் கம்ப்யூட்டர் அறிக்கையில் "எம் 06.9" என்று இருக்கிறதாம். அம்மாவுக்கு அப்படி ஒரு வருத்தமே இல்லை. 2021இல் மூச்சுத்திணறலோடு அரச வைத்தியசாலையில் சில நாள் இருந்தார். அப்போது தந்த அட்டையைத்தான் கண்டியில் காட்டினோம். இப்போது நிறுவனத்தின் ஆள் ஒருவர், "நோய் இருந்ததை ஒப்புக்கொண்டு கையெழுத்து வையுங்கள், பாதிப் பணம் வாங்கித் தருகிறேன்" என்கிறார். வைக்கலாமா? அம்மாவைப் பற்றிய விவரங்களை அந்த வைத்தியசாலை முழுவதும் அழிக்க வேண்டும் என்று கேட்கலாமா?

பதில்: கையெழுத்து வைக்க வேண்டாம். அம்மாவிடமும் இன்றே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் நீங்கள் கொழும்பில் இருக்கும் நேரத்தில் அந்த ஆள் நேரே லயத்துக்கே வந்து நிற்கக்கூடும். அந்தத் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ விழுந்தால் இரண்டு விடயங்கள் நடக்கும். மீதிப் பாதியைக் கேட்கும் உரிமை போய்விடும். அதைவிடப் பெரிய கேடு, இதுவரை ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் இருந்த பிழை அம்மாவின் சொந்த வாக்குமூலமாக மாறிவிடும். அதன் பிறகு எந்த நிறுவனத்துக்குப் போனாலும் "நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்களே" என்பார்கள்.

நீங்கள் அனுப்பியிருந்த 2021ஆம் ஆண்டு அட்டையின் படத்தை ஒரு வைத்தியரிடம் காட்டிக் கேட்டேன். அதில் முடக்குவாதம் என்று எங்கும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் 98 சதவீதம் என்று எழுதி, பக்கத்தில் ஆங்கிலத்தில் "ஆர்.ஏ." என்று இரண்டே எழுத்து இருக்கிறது. அந்த இடத்தில் அதற்கு "ரூம் எயர்" என்று அர்த்தம். அதாவது, குழாய் வைத்து ஒட்சிசன் கொடுக்காமல், சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போதே 98 இருந்தது. நல்ல செய்திதான். ஆனால் முடக்குவாதத்தின் ஆங்கிலப் பெயரான ருமட்டொயிட் ஆர்த்ரைட்டிஸையும் வைத்தியர்கள் அதே இரண்டு எழுத்தில்தான் சுருக்கி எழுதுவார்கள்.

இனி நடந்திருக்கக்கூடியதைச் சொல்கிறேன். பழைய அட்டைகளையும் வைத்தியர் குறிப்புகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது, வைத்தியர் எழுதிய சொல்லை அப்படியே வைக்காமல், உலகம் முழுக்க ஒரே மாதிரி விளங்கும் ஒரு குறியீட்டோடு பொருத்துகிறார்கள். ஐசிடி-10 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல். நமது அரச வைத்தியசாலைகளிலும் நோயாளி வீட்டுக்குப் போகும்போது டிக்கட்டில், அதாவது வார்டில் அவருக்காக எழுதும் குறிப்பேட்டில், உள்ள நோய்க்கு இந்த இலக்கம்தான் போடப்படுகிறது. ஸ்னோமெட் சிடி என்பது அதைவிட மிகப் பெரியது, மூன்று லட்சத்துக்கும் அதிகமான மருத்துவக் கருத்துகள் அதில் உண்டு. இத்தனை பெரிய பட்டியலில் கையால் தேடுவது கஷ்டம் என்பதால் மென்பொருள் சொல்லைப் பார்த்துக் குறியீட்டைப் பரிந்துரைக்கிறது. ஒரு மனிதர் அதைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும். "ஆர்.ஏ." என்ற எழுத்தைப் பார்த்த மென்பொருள் முடக்குவாதத்தைக் காட்டியிருக்கும், யாரும் அட்டையைத் திருப்பிப் பார்க்காமல் சரி என்று அழுத்தியிருப்பார்கள். பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கும். உறுதியாகச் சொல்லவேண்டியது அந்த வைத்தியசாலையின் பொறுப்பு. அதை எழுத்தில் வாங்குவதுதான் நம் முதல் வேலை.

அந்த இலக்கத்திலேயே உங்களுக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது. ஐசிடி-10இல் எம் 06.9 என்றால் "வகை குறிப்பிடப்படாத" முடக்குவாதம். இரத்தப் பரிசோதனை பார்த்து, மூட்டுகளைப் பார்த்து ஒரு வைத்தியர் முடிவுசெய்த நோய் என்றால் அநேகமாக அதைவிடத் தெளிவான குறியீடு கிடைத்திருக்கும். வெறும் இரண்டு எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் இந்தக் கடைசிப் பெட்டியில்தான் போய் விழும். இது மட்டும் வழக்கை வெல்லாது, ஆனால் காப்புறுதி நிறுவனத்திடம் நாம் கேட்கும் கேள்விக்கு இது வழி காட்டுகிறது: இந்தக் குறியீட்டுக்குப் பின்னால் எந்தப் பரிசோதனை முடிவு இருக்கிறது? எந்த எக்ஸ்ரே? எந்த மருந்து? எந்த கிளினிக்கில் பார்த்தார்கள்? 2021 முதல் முடக்குவாதம் உள்ள ஒரு பெண், மாதாமாதம் மருந்து வாங்காமல், காலையில் பெரட்டுக்குப் போய் மாலைவரை இரண்டு கையாலும் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாரா? அம்மாவின் கிளினிக் கொப்பி, தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து எடுத்த பதிவு, வேலைக்குப் போன நாட்களைக் காட்டும் சம்பளத் துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து வையுங்கள். இந்த விஷயத்தில் சம்பளத் துண்டும் மருத்துவச் சாட்சிதான்.

சட்டத்தில் நிலைமை இது. காப்புறுதி எடுப்பவர் தனக்குத் தெரிந்த முக்கியமான விவரங்களை மறைக்கக்கூடாது, அது உண்மை. ஆனால் மறைத்தார் என்று சொல்கிற நிறுவனம்தான் அதை நிரூபிக்க வேண்டும். வைத்தியர் ஒருவரும் சொல்லாத, உடம்பிலும் இல்லாத நோயை அம்மா எப்படி மறைத்திருக்க முடியும்? குறியீடு என்பது வைத்தியரின் முடிவு அல்ல, வைத்தியர் எழுதியதை வேறொருவர் அல்லது ஒரு மென்பொருள் வாசித்த விதம். மூல எழுத்து ஒன்றும் குறியீடு வேறொன்றும் சொன்னால் மூல எழுத்தைத்தான் பார்க்க வேண்டும். நம் வாதம் முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான் நிற்கிறது. கம்ப்யூட்டர் பிரதிகளைச் சாட்சியமாக ஏற்க 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டமும் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டமும் இடம் தருகின்றன. ஆனால் சாட்சியமாக ஏற்பது வேறு, அதில் உள்ளது உண்மை என்று நம்புவது வேறு.

ஒன்றைக் கவனமாகப் பாருங்கள். காப்புறுதிக்கான விண்ணப்பப் படிவத்தை யார் நிரப்பினார்கள்? மலையகத்தில் பல இடங்களில் முகவரே ஆங்கிலத்தில் நிரப்பிவிட்டு, கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். "மூட்டு வலி உண்டா" என்ற கேள்விக்கு அதில் என்ன பதில் இருக்கிறது என்று தெரியாமல் நாம் ஒரு வரியும் எழுதக்கூடாது. அந்தப் படிவத்தின் பிரதியையும் காப்புறுதிப் பத்திரத்தின் முழுப் பிரதியையும் நிறுவனத்திடம் பதிவுத் தபாலில் கேளுங்கள்.

அடுத்தது அரச வைத்தியசாலை. அட்டை உங்களிடம் இருக்கிறது, அது போதாது. 2021இன் முழு டிக்கட்டின் உறுதிப்படுத்திய பிரதி வேண்டும். முதலில் அங்குள்ள பதிவேட்டு அறையில் அம்மாவின் பெயரில் சாதாரணமாக விண்ணப்பியுங்கள், பல நேரங்களில் அதுவே போதும். இழுத்தடித்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதன் 5ஆம் பிரிவின்படி ஒருவரின் மருத்துவப் பதிவுகளை அவருடைய எழுத்துமூல சம்மதம் இல்லாமல் கொடுக்க முடியாது. ஆகவே மகள் என்று நீங்கள் விண்ணப்பித்தால் மறுப்பார்கள், அவர்கள் மறுப்பது சரியும்கூட. அம்மாவே விண்ணப்பிக்க வேண்டும், அல்லது அவருடைய எழுத்துமூல சம்மதத்தை நீங்கள் இணைக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம். அம்மாவுக்கு எழுத வராது என்றால் வாயால் சொன்னாலே தகவல் உத்தியோகத்தர் அதை எழுத்தில் எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அவர் தயங்கினால் இதைச் சொல்லுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் மேன்முறையீட்டைக் கேட்பதற்கென்று அங்கே நியமிக்கப்பட்ட குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடமும், அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். தனியார் வைத்தியசாலையிடம் இந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது.

அங்கே வேறு வழி. அம்மாவின் பெயரில் பணிப்பாளருக்கு ஒரு கடிதம் போக வேண்டும். அதில் பிழையைத் திருத்துங்கள் என்று மட்டும் எழுதினால் போதாது. முதலில் அம்மாவைப் பற்றிக் கம்ப்யூட்டரில் உள்ள எல்லாவற்றையும் கேளுங்கள்: எம் 06.9 எந்த வாசகத்திலிருந்து வந்தது, எந்தத் தேதியில், மென்பொருள் போட்டதா ஆள் போட்டாரா, எந்த வைத்தியர் பார்த்து உறுதிப்படுத்தினார். பிறகு திருத்தம். கடைசியாக, அந்தப் பிழையான அறிக்கை யார் யாருக்குப் போனதோ அவர்கள் எல்லோருக்கும் திருத்தத்தை எழுத்தில் அறிவிக்கவேண்டும் என்று கேளுங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வைத்தியசாலையில் திருத்திவிட்டு, காப்புறுதி நிறுவனத்தின் கோப்பில் பழையது அப்படியே கிடந்தால் உங்களுக்கு என்ன பிரயோசனம்?

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவை விசேட வகையில் வைத்துப் பாதுகாக்கிறது. தரவு சரியாக இருக்க வேண்டிய கடமையையும், பிழையைத் திருத்தக் கேட்கும் உரிமையையும், முழுக்க இயந்திரமே எடுத்த முடிவை மீளப் பார்க்கக் கேட்கும் உரிமையையும் அது தருகிறது. ஆனால் இந்த உரிமைகள் உள்ள பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து, கடைசி நேரத்தில் தள்ளிப்போடப்பட்டன. ஆகவே கடிதம் அனுப்பும் நாளில் அவை அமுலில் இருக்கின்றனவா என்று உங்கள் சட்டத்தரணி வர்த்தமானியைப் பார்த்துவிட்டு எழுதட்டும். அமுலில் இல்லாவிட்டாலும் கோரிக்கை விழுந்துவிடாது. பணம் வாங்கிச் சிகிச்சை அளிக்கும் வைத்தியசாலைக்கு நோயாளியின் பதிவைக் கவனமாக வைக்கும் பொறுப்பு அதற்கு முன்பும் இருந்தது. பதில் வராவிட்டால் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபைக்கு முறையிடலாம்.

எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கோபம் விளங்குகிறது. ஆனாலும் அழிக்கச் சொல்லாதீர்கள். ஒன்று, அது நம் சாட்சியம், பிழை எப்படி வந்தது என்பதற்கான தடயம் அதில்தான் இருக்கிறது. மற்றது, அம்மாவின் உடம்புக்கு அந்தப் பதிவு வேண்டும். தோட்ட டிஸ்பென்சரி, டிக்கோயா, நுவரெலியா, கண்டி என்று நம் ஆட்கள் ஒரு வருத்தத்துக்கே நான்கு இடம் அலைகிறார்கள், கொண்டுபோன அட்டை மழையில் நனைந்து கிழிந்துபோகிறது. ஒபரேஷனில் என்ன வைத்தார்கள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதெல்லாம் அடுத்த வைத்தியர் உடனே பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். இப்படிப் பொதுவான குறியீட்டில் பதிவதை நான் எதிர்க்கவில்லை, நம்மைப் போன்றவர்களுக்கு அது மிகவும் தேவை. கேட்க வேண்டியது இதுதான்: "பிழையாகப் பதியப்பட்டது" என்ற குறிப்போடு, திருத்திய தேதியும் திருத்தியவரின் பெயரும் தெரியும்படி அந்த வரி மட்டும் திருத்தப்பட வேண்டும். பிழையை அப்படியே விட்டால் ஆபத்து பணத்தோடு நிற்காது. நாளைக்கு மூட்டு வலி என்று அம்மா போனால், திரையில் முடக்குவாதத்தைப் பார்க்கும் வைத்தியர் அதற்குரிய கடுமையான மருந்தைத் தொடங்கிவிடலாம்.

இதே மாதிரிப் பிரச்சினை உள்ள மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. சுருக்க எழுத்து மட்டுமல்ல, "அப்பாவுக்கு வலிப்பு" என்று சொன்னது நோயாளிக்கே வலிப்பு என்று ஏறிவிடுவதுண்டு. ஐசிடி-10இல் வலிப்புக்கு ஜி 40 என்றும் குடும்பத்தில் அந்த வகை நோய் இருந்ததற்கு இசட் 82.0 என்றும் தனித்தனி இலக்கம் இருக்கிறது, எடுத்துப் போடுவதில்தான் பிழை. சந்தேகம் என்று எழுதியது, இல்லை என்று எழுதியது எல்லாம் இப்படி மாறலாம். வைத்தியசாலையில் அச்சிட்ட அறிக்கை தந்தால் கையில் வாங்கிய இடத்திலேயே ஒவ்வொரு வரியையும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சரி, உங்கள் பணத்துக்கு வருகிறேன். டிக்கட் பிரதி கையில் வந்ததும் கண்டியில் ஒரு மூட்டுநோய் நிபுணரிடம் அம்மாவைக் காட்டுங்கள். எந்தப் பரிசோதனை தேவை என்பதை அவரே தீர்மானிக்கட்டும். "ஆர்.ஏ." என்பதற்கு அந்த இடத்தில் என்ன அர்த்தம், அம்மாவுக்கு முடக்குவாதம் உண்டா இல்லையா என்று இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதித் தரச்சொல்லுங்கள். இவற்றோடு காப்புறுதி நிறுவனத்துக்கு மீள்பரிசீலனைக் கடிதம் போகட்டும். அங்கே தீராவிட்டால் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம், உங்களுக்குச் செலவில்லை. காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் பிரதி அனுப்புங்கள். வழக்குத்தான் வழி என்றால், தொகையைப் பொறுத்து முதலில் மத்தியஸ்த சபைக்குப் போகவேண்டி வரலாம். எழுத்துமூல ஒப்பந்தத்தின் மீது வழக்குப்போட 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஆறு வருடம் தருகிறது. ஆனால் வைத்தியசாலையின் கவனக்குறைவுக்கு நட்டஈடு கேட்பதானால் இரண்டே வருடம்தான், அதைத் தவறவிடாதீர்கள். பத்திரத்திலேயே குறுகிய காலக்கெடு எழுதியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வழக்குச் செலவுக்கு வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என் கண்ணில் பட்டது, நீங்கள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அம்மா விழுந்தது வேலை நேரத்தில், தோட்டத்து மலையில். அப்படியானால் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தோட்ட நிர்வாகத்திடமும் நட்டஈடு கேட்கலாம். இது காப்புறுதியோடு சம்பந்தமில்லாத தனி உரிமை. விபத்தைத் தோட்ட அலுவலகப் புத்தகத்தில் பதிந்தார்களா, அன்று கூட இருந்தவர்கள் யார், கங்காணி பார்த்தாரா என்பதை விசாரித்து எழுதிவையுங்கள். நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவிக்காமல் இருந்தால் இந்தக் கிழமையே அறிவியுங்கள், தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் மூலமாகவும் ஒரு பிரதி போகட்டும்.