வேலூர்ச் சாலைகளுக்கு ஸ்போர்ட்ஸ் காரை எவ்வளவு தாழ்த்தலாம்?

உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங் பொருத்தி, வேலூரில் ஓட்டும் காரை 40 மி.மீ. தாழ்த்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 20 மி.மீ.க்கு மேல் போக வேண்டாம் என்பதே என் கருத்து. ஸ்பிரிங் அமரும் தட்டு மரையில் சுழல்வதால், அதைத் திருகி உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். பழைய ஷாக் அப்சார்பரே தொடரும். கார் தாழும்போது ஈர்ப்பு மையமும் இறங்கி, ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி சாய்வது குறையும் என்பது உண்மைதான். ஆனால் சக்கரம் மேலெழும்ப மிஞ்சும் இடைவெளி சுருங்குவதால், காட்பாடிப் பக்கம் உயரமான வேகத்தடை ஒன்றில் ஏறினாலே ஷாக் அப்சார்பர் ரப்பர் தடுப்பில் மோதக்கூடும், முன்பம்பரும் உரசக்கூடும். உயரம் மாறினால் கேம்பர் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் சாயும் கோணம்), டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பும் கோணம்) ஆகியவையும் விலகும். ஸ்பிரிங் படிந்ததும் வீல் அலைன்மென்ட் செய்யாவிட்டால் டயரின் உள்விளிம்பு வீணாகத் தேயும். வாகன மாற்றங்களை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துவதால், தேவைப்பட்டால் காரைப் பழைய நிலைக்கே மாற்ற, பழைய ஸ்பிரிங்குகளைத் தயவுசெய்து விற்றுவிடாதீர்கள்.