அக்கா பதில்கள்: நாப்பி மாற்ற டிப்ளமோவா?

கேள்வி: வணக்கம் அக்கா. ஒரு கிரெச்சில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். மாண்டிசோரி பயிற்சி எடுக்க ஆசை. "நாப்பி மாற்ற டிப்ளமோவா?" என்று மாமியார் சிரிக்கிறார். அப்படி என்னதான் சொல்லிக்கொடுப்பார்கள்?
- வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: நாப்பி மாற்றவும்தான் சொல்லிக்கொடுப்பார்கள், மாமியாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள். நடக்கத் தொடங்கிய பிள்ளையைப் படுக்கவைத்துப் புரட்டாமல், நிற்கவைத்தே மாற்றுவோம். கால்சட்டையைக் கீழே இழுப்பது பிள்ளையின் வேலை. அதுவரை காத்திருப்பது நம் வேலை. தூக்குவதற்கு முன் முகத்துக்கு நேரே குனிந்து, "தூக்கட்டுமா?" என்று கேட்டு, ஒரு நொடி நிற்க வேண்டும். நாலு பிள்ளைகள் சேர்ந்து அழும் அறையில் இதைச் செய்து பாருங்கள், தெரியும்.

பயிற்சியில் எனக்குக் கஷ்டமாக இருந்தது, உட்கார்ந்து பார்ப்பதுதான். ஒரு நாற்காலி, ஒரு நோட்டு, ஒரு பென்சில். பேசக் கூடாது, கொஞ்சக் கூடாது. "பாப்பாவுக்குச் சலித்துவிட்டது" என்று எழுதினால் எங்கள் ஆசிரியை அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிடுவார். "பந்து பாயைத் தாண்டி உருண்டது. வலது கையை நீட்டினாள். எட்டவில்லை. முனகினாள். முழங்காலை மடக்கி முன்னால் தள்ளினாள்" என்று கண்ணில் பட்டதை மட்டும் எழுத வேண்டும். பிள்ளை முனகியதும் ஓடிப்போய்ப் பந்தை எடுத்துக் கொடுக்கிற கை இருக்கிறதே, அதை அடக்கத்தான் அத்தனை மணி நேரம்.

அப்புறம் கைவேலை. தொட்டில் பருவத்துக்கான தொங்கல்களை நாமே செய்ய வேண்டும். முதலில் கறுப்பு வெள்ளையில் முனாரி என்ற தொங்கல், பச்சைக்குழந்தையின் கண்ணுக்கு அழுத்தமான வேறுபாடுதான் நன்றாகப் பிடிபடும் என்பதால். பிறகு கோபி என்ற தொங்கல்: ஐந்து உருண்டைகள், ஒரே நிறம், கருமையிலிருந்து வெளிறலாக. எம்பிராய்டரி நூலை இடைவெளி தெரியாமல் சுற்றி முடிப்பதற்குள் விரல் ஓய்ந்துவிடும்.

இது புதுசாக வந்த ஃபேஷன் அல்ல. 1947இலேயே ரோமில் அடேலே கோஸ்தா ஞோக்கி என்ற அம்மையார், பிறப்பு முதல் மூன்று வயது வரைக்கென்று தனிப் பயிற்சி தொடங்கிவிட்டார்.

ஒரு எச்சரிக்கை. மாண்டிசோரி என்ற பெயர் யாருக்கும் தனிச் சொத்தல்ல. யாரும் பலகை மாட்டலாம். பணம் கட்டுமுன், சான்றிதழ் எந்த வயதுக்கு, எந்த அமைப்பு அங்கீகரித்தது, குழந்தைகளோடு நேரடிப் பயிற்சி உண்டா என்று கேளுங்கள். வீடியோ மட்டும் பார்த்து முடிகிற கோர்ஸ் என்றால் வேண்டாம்.

கேள்வி: என்னிடம் 3 முதல் 6 வயதுக்கான மாண்டிசோரி டிப்ளமோ இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கும் அது போதுமா?
- வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: போதாதும்மா. அது வேறு, இது வேறு. இங்கே நடக்காத பிள்ளைகளுக்கு நிடோ என்ற அறை, நடக்கிற பிள்ளைகளுக்கு இன்னொரு அறை என்றே பிரிக்கிறோம். பாலூட்டல், தூக்கம், கழிப்பறைப் பழக்கம் எல்லாமே பாடம். நம் தென்னாப்பிரிக்க விதிப்படி 18 மாதம் வரை ஆறு பிள்ளைகளுக்கு ஒருவர், 18 மாதம் முதல் மூன்று வயது வரை பன்னிரண்டு பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும். பன்னிரண்டு என்பது என் கணக்கில் ரொம்ப அதிகம்.

எந்த டிப்ளமோ இருந்தாலும், குழந்தைகள் பாதுகாப்புப் பதிவேட்டின் பகுதி பி-யில், அதாவது பிள்ளைகளோடு வேலை செய்யத் தகாதவர்கள் பட்டியலில், உங்கள் பெயர் இல்லை என்ற சான்று வேண்டும். அதைக் கேட்கும் படிவம் 30ஐ இப்போதே அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: குழந்தைகள் அறையில் நான் தமிழில் பேசலாமா? பெற்றோர் எல்லாரும் இங்கிலீஷ்தான்.
- வாசகி, டர்பன்

பதில்: தாராளமாக. ஆனால் பாட்டும் தாலாட்டும் மட்டும் தமிழ், திட்டுவது இங்கிலீஷ் என்று வேண்டாம். சாப்பாடு, குளியல், செருப்பு மாட்டுவது எல்லாம் நாள் முழுக்கத் தமிழிலேயே ஓடட்டும். உடனிருப்பவர் இங்கிலீஷில் பேசட்டும். பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பல வீட்டில் பாட்டிமார்தான் முதலில் சந்தோஷப்படுவார்கள்.