ஜனவரி மாலைகளும் பூத்தையலும்

கேள்வி: ஆண்டு இறுதியின் ஓட்டமெல்லாம் ஓய்ந்தபின், ஜனவரி மாலைகளையாவது வீட்டில் அமைதியாகப் பூத்தையல் போட்டுக் கழிக்கலாம் என்று உட்காருகிறேன். அரை மணி நேரத்துக்குள் நூல் முறுக்கிச் சிக்காகிவிடுகிறது. துணியின் பின்பக்கம் முடிச்சு முடிச்சாக இருக்கிறது. மற்ற வேலைகள் காத்திருக்க, இப்படி உட்கார்ந்திருக்கலாமா என்ற உறுத்தல் வேறு. பாதியில் நிற்கும் பழைய வேலைகளே மூன்று உள்ளன. இந்த மாதத்துக்குள் ஒன்றையாவது முடிக்க எதிலிருந்து தொடங்குவது? — ஒரு வாசகி

பதில்: நூலிலிருந்தே தொடங்குவோம், சகோதரி. உங்கள் அமைதியை முதலில் குலைப்பது அதுதான். அடிக்கடி ஊசி கோக்க வேண்டியிருக்கிறதே என்று பலரும் நூலை மிக நீளமாக வெட்டிக்கொள்கிறார்கள். சிக்கலுக்கு அந்த நீளமே முதல் காரணம். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, அதாவது ஏறத்தாழ 45 செ.மீ. இருந்தால் போதும். எம்ப்ராய்டரி நூல் பொதுவாக 6 இழைகள் சேர்ந்தது. அதில் இரண்டு இழை தேவையென்றால் இரண்டையும் ஒன்றாகப் பிடித்து இழுக்காமல், ஒவ்வொன்றாக மேல்நோக்கி உருவியெடுத்து, நீவிவிட்டு, பிறகு சேர்த்துக் கோத்துக்கொள்ளுங்கள். தைக்கும்போது ஊசி விரல்களுக்கிடையே சிறிது சிறிதாக உருள்வதால் நூலில் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். பத்துப் பதினைந்து தையலுக்கு ஒருமுறை கையை எடுத்துவிட்டு ஊசியைத் தொங்கவிட்டால், அது முதலில் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் சுழன்று, முறுக்கைத் தானே அவிழ்த்துக்கொள்ளும். அது சுழன்று ஓயும்வரை பார்த்துக்கொண்டிருக்கும் அந்தச் சில நொடிகள் எனக்கு மிகவும் பிடித்தமானவை.

முடிச்சே போட வேண்டாம். தொடங்கும்போது பின்பக்கம் 3 செ.மீ. நூலை விட்டு, முதல் சில தையல்களுக்கு அடியில் அதை அடக்கிவிடுங்கள். முடிக்கும்போது நாலைந்து தையல்களுக்கு அடியில் ஊசியை நுழைத்து இழுத்து, மிச்சத்தை நறுக்கிவிடுங்கள்.

இந்த மாதத்துக்குள் முடிப்பது என்ற எண்ணத்தை மட்டும் நான் ஏற்கமாட்டேன். ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள துணியில், 5 அங்குலச் சதுரம் ஒன்றை, கட்டத்துக்கு ஒன்றாக X வடிவில் போடும் குறுக்குத் தையலால் முழுக்க நிரப்ப 4,900 தையல்கள் வேண்டும். மாலைக்கு 100 தையல் போட்டால் 49 மாலைகள் ஆகும். ஜனவரியில் இருப்பதோ 31. தேதியைத் துரத்திக்கொண்டு தைத்தால், ஓய்ந்துபோன அந்த ஓட்டத்தைத்தான் மறுபடியும் வீட்டுக்குள் கூட்டி வருவீர்கள். உங்கள் உறுத்தலும் பெரும்பாலும் இந்தக் கணக்கிலிருந்து பிறப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஓர் இலையைத் தைத்தால், அன்றைய மாலைக்கு அந்த இலை போதும்.

மூன்றில் எதை எடுப்பது என்றால், விரித்துப் பார்த்தவுடன் எதன்மேல் உங்கள் விரல் தானாகப் போகிறதோ அதை எடுங்கள். பிடிக்காமல் போன பகுதியைப் பிரிப்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், 1598 என்று தேதியிட்டு ஜேன் பாஸ்டாக் என்ற பெண்மணி தைத்த மாதிரித் துணி (தையல்களையும் உருவங்களையும் தைத்துப் பார்க்கும் துணி) ஒன்று உள்ளது. தேதி குறிக்கப்பட்ட ஆங்கிலேய மாதிரித் துணிகளில் இதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பழையது அதுவே. அதிலும் தைத்துப் பிரித்த உருவங்களின் தடங்கள் இருக்கின்றன. பிரிக்கும்போது பின்பக்கமாகச் சிறு துண்டுகளாக நறுக்கி எடுங்கள். நீளமாக இழுத்தால் துணி நைந்துவிடும்.

உட்காரும் இடத்தையும் சிறிது கவனியுங்கள். முதுகைத் தாங்கும் நாற்காலி, காலுக்கொரு முக்காலி, வலக்கையால் தைப்பவராக இருந்தால் இடப்பக்கமிருந்து விழும் வெளிச்சம். அப்போதுதான் கையின் நிழல் தையல்மேல் விழாது. கருந்துணியில் தைப்பதானால் மடியில் வெள்ளைத் துண்டொன்றை விரித்துக்கொண்டால் துளைகள் தெளிவாகத் தெரியும். சூடாகக் குடிக்க வைத்திருப்பது எதுவானாலும், துணி இருக்கும் மேசையில் வேண்டாம். அவ்வப்போது தலையை நிமிர்த்தித் தொலைவில் உள்ள எதையாவது பார்த்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

இரவில் எழும்போது, துணியை விறைப்பாகப் பிடித்திருக்கும் வளையத்தைக் கழற்றி, ஊசியைத் துணியில் விடாமல் ஊசிமெத்தையில் குத்தி வையுங்கள். இல்லாவிட்டால் வளையத்தின் தடம் துணியில் படிந்துவிடும். ஊசி துருப்பிடித்தால் அந்தக் கறை போவதும் கடினம். பழைய மூன்றில் வளையத்தோடு கிடப்பது ஏதேனும் இருந்தால், அதை இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.